மூத்தவனின் ரேலி ஆசை: மச்சானுக்கு ஒரு கடிதம்

நானுஓயா

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை. றம்பொடைப் பக்கம் மண் சரிந்த இடத்தில் இன்னும் ஒரு பக்கமாகத்தான் வாகனங்களை விடுகிறார்கள். கராஜில் பிரேக் வேலைக்குக் குறைவே இல்லை. பெரியவளுக்கு ஹட்டனில் ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது. நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தேன், மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

சரி, உன் மூத்தவன் விஷயத்துக்கு வருகிறேன். ரேலி சாரதி ஆகியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான் என்றும், அவனுக்குக் கார் வாங்க உன் சேமலாப நிதிக் காசை எடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். "நல்ல வேகமா ஓட்டுறான், அதுக்கு மேல அணிக்காரங்க என்னதான் பார்ப்பாங்க?" என்றும் கேட்டிருந்தாய். நிறையப் பார்ப்பார்கள் மச்சான். வேகம் இல்லாதவனை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை, அது உண்மை. ஆனால் வேகமாக ஓட்டுகிற பத்துப் பேரில் யாரை வைத்துக்கொள்வது என்று வரும்போது அணிகள் கணக்குப் பார்ப்பது வேறு. தெரியாத ரோட்டில், கெட்ட நாளில், இவனை நம்பி வண்டியைக் கொடுக்கலாமா? அதுதான் அவர்களுடைய கேள்வி.

நுவரெலியா மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டியில் மூத்தவனுக்கு நல்ல நேரம் வரும் என்று நீ நம்புகிறாய். வரலாம். 1934இல் தொடங்கிய போட்டி அது, நம் நாட்டு மோட்டார் ஓட்டத்தில் அதற்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. ஆனால் அது ஒரே மலை, ஒரே ரோடு. எந்த முடக்கில் எந்த கியர் என்று பையன்களுக்கு மனப்பாடமாகிவிடும். ரேலியில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு காராகப் பல பாதைகளில் விட்டு நேரம் எடுப்பார்கள். உலகச் சம்பியன்ஷிப் ரேலியில் போட்டிக்கு முந்தின நாட்களில் ஒவ்வொரு பாதையையும் இரண்டே தடவைதான் ஓடிப் பார்க்கலாம், அதுவும் சாதாரணக் காரில், வேகக் கட்டுப்பாட்டோடு. மூன்றாவது தடவை போகும்போது மணிக்கூடு ஓட ஆரம்பித்துவிடும்.

அந்த இரண்டு தடவைக்குள் சாரதி பாதையைச் சொல்லச் சொல்ல, பக்கத்து சீட்டில் இருக்கிற இணைச் சாரதி எழுதிக்கொள்வார், போட்டியில் அதை வாசித்துச் சொல்வார். அதைத்தான் பேஸ் நோட் என்கிறார்கள். பலர் முடக்குகளை ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணால் குறிப்பார்கள். ஒன்று என்றால் ஆக இறுக்கமான முடக்கு, ஆறு என்றால் காலை எடுக்கவே தேவையில்லாதது. றம்பொடை இறக்கத்தில் ஒரு துண்டை அந்த முறையில் எழுதிப் பார்த்தேன்: "அறுபது. வலது நான்கு, நீளம். இடது இரண்டு, போகப் போக இறுகும், உள்ளே வெட்டாதே, வெளியே மண்." நீ பஸ்ஸில் எத்தனையோ தடவை போன ரோடுதான், வாசிக்கும்போது உனக்கும் கண்ணுக்குள் வந்திருக்கும். "இறுகும்" என்ற அந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டால், இடது இரண்டில் பாதி போனபிறகு ரோடு அவனை விட்டுவிட்டுத் திரும்பிவிடும். பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அணிகள் ஒருவனைச் சோதிக்கும்போது முதலில் பார்ப்பது அவனுடைய நோட்டைத்தான். தான் எழுதியதை அவன் நம்புகிறானா? மூடுபனியில் ஓடவிட்டால் அது தெரிந்துவிடும். நோட்டு நல்லதென்றால் கண்ணுக்கு முன்னால் ஒன்றும் தெரியாத இடத்திலும் அவன் வேகம் அதிகம் குறையாது. நோட்டில் நம்பிக்கை இல்லாதவன் ஒவ்வொரு முடக்குக்கும் கொஞ்சம் முன்னாலேயே காலை எடுப்பான். அந்தக் 'கொஞ்சம்' எல்லாம் சேர்ந்து நாள் முடிவில் நிமிடக் கணக்காகிவிடும். அடுத்தது, பக்கத்தில் இருக்கிறவர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கிறானா என்பது. செபஸ்தியன் லோப் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது தடவை உலகச் சம்பியன் ஆனார். அந்த ஒன்பதிலும் பக்கத்து சீட்டில் இருந்தவர் டானியல் எலெனா. சும்மா இல்லை அது.

நேரத்தை வாசிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மண் பாதை ரேலிகளில் முதலில் போகிற கார் மேலே கிடக்கிற சின்னக் கல்லையெல்லாம் கூட்டித் தள்ளிக்கொண்டே போகும். பின்னால் வருகிறவர்களுக்குச் சுத்தமான, பிடிப்புள்ள தரை கிடைக்கும். முதல் நாள் சம்பியன்ஷிப் பட்டியலில் முன்னுக்கு நிற்பவர்தான் முதலில் போக வேண்டும். அதனால் முதலில் போய் ஐந்தாவது நேரம் எடுத்தவன், பத்தாவதாகப் போய் மூன்றாவது நேரம் எடுத்தவனைவிட நன்றாக ஓட்டியிருக்கக்கூடும். இது தெரிந்த அணி வெறும் பட்டியலைப் பார்த்து ஏமாறாது. அதே வண்டியில் ஓடுகிற அணித் தோழனோடு ஒப்பிடும், பாதையின் எந்தத் துண்டில் நேரம் போனது என்று பார்க்கும், பிரேக்கை எப்போது மிதித்தான், எக்ஸிலேட்டரை எப்போது திறந்தான் என்ற பதிவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும்.

நான் பொறியியலாளன் இல்லை, கராஜ்காரன். ஆனால் அதே விஷயத்தை நான் டயரிலும் டிஸ்கிலும் பார்க்கிறேன். போன ஏப்ரல் சீசனில் இரண்டு பையன்கள் ஒரே ரகக் கார்களோடு என்னிடம் வந்தார்கள். ஒருவனுக்கு நேரம் கொஞ்சம் நல்லது. அவன் காரின் முன் டயர்களில் வெளி ஓரம் பிய்ந்து தொங்கியது, பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. கேட்டால், "கார் சரியில்ல அண்ணே, வழுக்குது" என்றான். மற்றவனுடைய டயர் நாலும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தன. அவன் சொன்னது: "பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் ஒண்ணா போட்டா மட்டும் பின்பக்கம் லேசாகுது அண்ணே, நேரா பிரேக் போட்டா ஒண்ணும் இல்ல." அந்த ஒரு வாக்கியம் போதும், எங்கே கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய அணிகளும் இதைத்தான் தேடுகின்றன. சோதனை ஓட்டத்தில் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஸ்பிரிங்கையும் ஷொக் அப்சோர்பரையும் மாற்றி மாற்றிப் போட்டு, அவன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கேட்பார்கள். உணர்ந்ததைச் சொல்லத் தெரியாதவன் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் வண்டியை முன்னேற்ற உதவமாட்டான்.

விபத்து பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு தடவை கவிழ்த்துவிட்டால் கதை முடிந்ததா என்று. இல்லை. 2014 ஜெர்மன் ரேலியில் தியெரி நெவில், போட்டி தொடங்குவதற்கு முன் நடக்கிற சோதனை ஓட்டத்திலேயே ஹூண்டாய் காரைத் திராட்சைத் தோட்டத்துக்குள் உருட்டிவிட்டார். மெக்கானிக்குகள் நிமிர்த்தி, திருத்தி, மறுபடி ஓடவிட்டார்கள். அதே ரேலியை அவரே வென்றார், ஹூண்டாய்க்கு உலகச் சம்பியன்ஷிப்பில் அதுதான் முதல் வெற்றி. பத்து வருஷம் கழித்து, 2024இல், அதே அணியில் உலகச் சம்பியனும் ஆனார். அதற்கு முன் ஐந்து தடவை இரண்டாம் இடத்தோடு நின்றவர். மறுபக்கம் கிறிஸ் மீக்கைப் பார். வேகத்தில் அவருக்குக் குறை சொல்ல முடியாது, ரேலிகளை வென்றவர். ஆனால் மோதல்கள் தொடர்ந்தன. 2018 போர்த்துக்கல் ரேலியில் பலமாக மோதியதோடு அவருடைய அணியான சிட்ரோன் அவரை நிறுத்திவிட்டது. அணி மன்னிப்பது விபத்தின் பெருப்பத்தைப் பார்த்து இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்த தடவை அதே காரணத்தால் மோதமாட்டான் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இன்னொன்று, சொன்ன சொல் கேட்கிற குணம். உலகச் சம்பியன்ஷிப்பில் சாரதிக்கு ஒரு பட்டம், கார் தயாரிக்கும் கம்பெனிக்கு வேறு பட்டம். 2003இல் கடைசி ரேலி பிரித்தானியாவில். லோபுக்கு முதல் பட்டம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. அவருடைய அணியான சிட்ரோன், கம்பெனிப் பட்டம்தான் முக்கியம், வேகத்தைக் குறைத்து முடித்துக்கொண்டு வா என்றது. அவர் கேட்டார். எதிரணிச் சாரதி பெட்டர் சோல்பர்க் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சம்பியன் ஆனார். இருபத்தொன்பது வயது லோபுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்! அடுத்த வருஷத்திலிருந்துதான் அந்த ஒன்பது பட்டங்கள்.

இனி நீ கேட்காத, ஆனால் உன் மனசில் இருக்கிற கேள்வி. காசில்லாத வீட்டுப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? இதைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாகவே ஆதங்கம். கல்லே ரோவன்பெரா 2022இல் இருபத்திரண்டு வயதும் ஒரு நாளும் ஆனபோது உலகச் சம்பியன் ஆனார், அவ்வளவு இளவயதில் யாரும் ஆனதில்லை. பிறவித் திறமை, சந்தேகமே இல்லை. ஆனால் அப்பா ஹர்ரி ரோவன்பெராவும் உலக ரேலி வென்ற சாரதி. லைசென்ஸ் எடுக்கிற வயது வருவதற்கு முன்பே மகன் லத்வியாவில் போட்டிகளில் ஓடினார், போட்டிப் பாதைகளுக்கு இடையில் வருகிற பொது ரோட்டில் மட்டும் இணைச் சாரதி ஸ்டியரிங்கைப் பிடித்தார். தோட்டத்து லயத்தில் பிறக்கிற பிள்ளைக்கு அப்படி ஒரு வழி ஏது?

பிரான்ஸில் ஒரு வழி செய்தார்கள். அங்குள்ள மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம் 'ரேலி ஜூன்' என்று ஒரு தேர்வு நடத்தியது. சிறிய கட்டணம் கட்டினால் யாரும் வரலாம், சொந்தக் கார் தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே பாதை, நேரம் எடுப்பார்கள், வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் ஒரு சிலரை எடுத்துப் போட்டிச் செலவை ஏற்பார்கள். செபஸ்தியன் ஓஜியே பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 2005இல் அந்தத் தேர்வில் வென்றார், 2008இல் ஜூனியர் உலகச் சம்பியன், 2013 முதல் 2018 வரை ஆறு வருஷமும் உலகச் சம்பியன். அட்ரியன் ஃபோர்மோ மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், அவரும் அதே வழியாக வந்தார். எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்த லோபும் 1990களின் நடுவில் அதே தேர்வுக்குப் போனார். ஆனால் வெற்றி கிடைக்கவில்லை. அவரைத் தூக்கிவிட்டவர்கள் அவருடைய பகுதியிலேயே இருந்த ரேலி ஆர்வலர்கள். அவர் ஓட்டுவதைக் கண்ணால் பார்த்து, காசையும் காரையும் போட்டார்கள். தேர்வு ஒன்று வைத்தால் போதாது மச்சான், பார்க்கத் தெரிந்த ஆட்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். நம்ம மலையகத்தில் எவ்வளவு கஷ்டமான ரோட்டில் கொழுந்து லொறி ஓட்டுகிறார்கள்! மழையில், செங்குத்து இறக்கத்தில், பாதி பிரேக்கோடு. அந்தக் கைகளை இதுவரை யாரும் ஒரே காரில் ஏற்றி நேரம் எடுத்துப் பார்த்ததே இல்லை. ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வருகிற மோட்டார் கழகக்காரர்களிடம் இதை நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், இனியும் விடப்போவதில்லை.

அதனால் மூத்தவனிடம் இப்படிச் சொல். முதலில் கராஜ் வேலை பழகட்டும், என்னிடம் அனுப்பு, மூன்று வேளைச் சாப்பாடும் படுக்க இடமும் என் பொறுப்பு. காரைப் பற்றி வாயால் விளக்கத் தெரிய வேண்டும், அது கையில் கிரீஸ் படாமல் வராது. அப்புறம், நோட்டு எழுதிப் பழகட்டும். அதற்குக் கார் கூடத் தேவையில்லை. பண்டாரவளையிலிருந்து எல்ல வரைக்கும் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து எழுதட்டும், அடுத்த நாள் அதே ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவர் வாசிக்க, முடக்கு வருவது சரியா என்று பார்க்கட்டும். பொது ரோட்டில் வேகம் காட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை காட்டினான் என்று கேள்விப்பட்டாலும் நான் அவனுக்காக யாரிடமும் பேசமாட்டேன்.

வாசிக்கிற ஆள் யார் என்று யோசிக்கிறாயா? உன் சின்னவள்தான். அண்ணன் ஓட்டும்போது பக்கத்தில் இருந்துகொண்டு "அண்ணே, பிரேக்" என்று சரியான நேரத்தில் சொல்வது அவள்தான் என்று நீயே எழுதியிருந்தாய். 1981இல் சன்ரெமோ ரேலியில் மிஷேல் மூட்டோன் ஓட்ட, ஃபப்ரிட்சியா பொன்ஸ் நோட்டு வாசிக்க, இரண்டு பெண்களும் ஆண்கள் எல்லோரையும் தோற்கடித்தார்கள். அடுத்த வருஷம் இன்னும் மூன்று ரேலிகளை வென்று மூட்டோன் உலகச் சம்பியன்ஷிப்பில் இரண்டாவது வந்தார். இதை அவளிடம் கட்டாயம் சொல். ஓட்டுவதற்கும் அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று கேட்டுப் பார். இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

சேமலாப நிதிக் காசைத் தொடாதே. அது உனக்கும் தங்கச்சிக்கும் உள்ளது. கார் வாங்கிக் கொடுத்தால் அவன் ஒரு சீசன் ஓடுவான், அடுத்த சீசனுக்கு டயர் வாங்கவே காசு இருக்காது. ஏப்ரலில் என்னிடம் வருகிற கார்க்காரர்களில் ஓரிருவர் ஓட்டுவதற்கு ஆள் தேடுவார்கள். அதற்குள் அவனைத் தயார்படுத்துவோம். தைப்பொங்கல் முடிந்த கையோடு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று முன்னமே எழுது, ஸ்டேண்டுக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் கூட்டாளி