பெயர் கொடுத்தாயா, தம்பி?

ஆகன், ஜெர்மனி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நலம். அங்கே அம்மா, அப்பா, நீ எல்லோரும் நலம்தானே? போனில் சொன்னால் நீ "ம், ம்" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். மேல்படிப்புக்கு இங்கே கிளம்பும் முன் நீ கேட்டது நாலு: படிப்பு எப்படி, ஃபிரண்ட்ஸ் கிடைப்பார்களா, ஊர் சுற்றலாமா, கேம் ஆடலாமா. நாலாவதைத்தான் நீ முதலில் கேட்டாய் என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்த்துவிடு. அட்மிஷன் கடிதத்தில் உன் பெயருக்கு நேராக 2.2 என்று இருப்பதைப் பார்த்துக் கலங்கிப்போயிருக்கிறாள். இங்கே 1.0தான் முதல் தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் ஃபெயில். உன் கல்லூரி மதிப்பெண் 8.0 எப்படி 2.2 ஆனது என்று கணக்குப் போட்டுக் காட்டு. உச்ச மதிப்பெண் 10இலிருந்து உன் 8ஐக் கழித்தால் 2. உச்சத்திலிருந்து தேர்ச்சி மதிப்பெண் 5ஐக் கழித்தால் 5. இரண்டை ஐந்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 2.2. தேர்ச்சி மதிப்பெண் 4 என்று உன் கல்லூரி போட்டிருந்தால் இதே 8.0, 2.0 ஆகியிருக்கும். உன் நண்பர்கள் யாராவது இனிமேல் விண்ணப்பிப்பதாக இருந்தால், மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தில் அந்த எண் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

இனி வந்து இறங்கியதும் நடக்கவேண்டியது. இந்த ஊரில் போய் நின்றால் எதுவும் நடக்காது, முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தால் எல்லாம் நடக்கும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதியவேண்டும், இதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. "இவர் இன்ன தேதியிலிருந்து இங்கே குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனித்தாள் வேண்டும். வீடு பார்க்கும்போதே அதைத் தருவாரா என்று கேட்டுவிடு. தரமாட்டேன் என்கிற அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், ஏனென்றால் வரி எண், தங்கும் அனுமதி என்று அடுத்தடுத்த வேலைகள் எல்லாம் அந்த முகவரிப் பதிவைத்தான் கேட்கும். முடக்கக் கணக்கில் (விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்பே போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) அப்பா போட்ட 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 உனக்கு வரவேண்டுமென்றால் இங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அதற்கும் பெரும்பாலும் இந்தப் பதிவைக் கேட்பார்கள். அக்டோபரில் மாணவர்கள் மொத்தமாக வந்து இறங்குவதால் அலுவலக நேரம் கிடைப்பது கஷ்டம். விமானம் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் நேரம் எடுத்துவிடு. முதல் இரண்டு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் கையில் இருக்கட்டும்.

படிப்பு. டைம்டேபிளைப் பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஏமாந்துவிடாதே. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25லிருந்து 30 மணி நேர உழைப்பு. 6 கிரெடிட் பாடத்தை எடுத்துக்கொள், 30 மணிக் கணக்கில் அது 180 மணி நேரம். வாரம் நாலு பீரியட், ஒன்று 45 நிமிடம், 15 வாரம் என்றால் வகுப்பில் உட்காருவது 45 மணிதான். மிச்சம் 135 மணி உன் மேஜையில் கழியவேண்டும். அட்டெண்டன்ஸ் பெரும்பாலும் இல்லை. நம் கல்லூரி போல இன்டர்னல் மார்க்கும் அநேகமாக இல்லை, கடைசியில் வரும் ஒரே பரீட்சைதான் முழு மார்க்கும். வாராவாரம் கொடுக்கும் பயிற்சித்தாளை மார்க் இல்லையே என்று விட்டுவிடுகிறவர்கள் பிப்ரவரியில் அழுவார்கள், ஏனென்றால் கேள்விகள் அந்த அச்சில்தான் வரும். சில பாடங்களில் பயிற்சித்தாளில் பாதி மதிப்பெண் எடுக்காவிட்டால் பரீட்சைக்கே உட்கார விடமாட்டார்கள்.

நம்மூர்ப் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பாடத்துக்குப் பெயர் கொடுப்பது வேறு, பரீட்சைக்குப் பெயர் கொடுப்பது வேறு. செமஸ்டர் முழுக்க வகுப்புக்குப் போயிருந்தாலும், பரீட்சைக்குத் தனியாகப் பதியாவிட்டால் எழுத முடியாது. பதிந்துவிட்டு, விலகும் கெடுவுக்குள் விலகாமல், போகாமலும் இருந்தால் 5.0. காய்ச்சல் என்றால் உடனே டாக்டர் சான்றிதழ் வாங்கி அலுவலகத்தில் சேர்க்கவேண்டும், ஒரு வாரம் கழித்துக் கொண்டுபோனால் செல்லாது. பல இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றம். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. நம்மூர் அரியர் போல இதை நினைத்துவிடாதே. முடிவு வந்தபின் திருத்திய விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள், தவறாமல் போ. கூட்டலில் விட்டுப்போன ஒரு புள்ளி 4.0க்கும் 5.0க்கும் நடுவில் நிற்கலாம்.

ஒரு சின்ன விஷயம்: 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் சி.டி. என்றிருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும். எஸ்.டி. என்றால் சரியாகப் பத்து. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேஜையை விரல் முட்டியால் தட்டுவார்கள். பயப்படாதே, அதுதான் இங்கே கைதட்டல்.

ஃபிரண்ட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சித்தாளை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கொடுக்கச் சொல்வார்கள். அந்தக் குழுக்கள் அக்டோபரின் முதல் இரண்டு வாரத்திலேயே அமைந்துவிடும். விசா தாமதமாகி நவம்பரில் வருகிறவர்கள் தனியாக நிற்பது இதனால்தான். நாலு தமிழ்ப் பையன்கள் ஒரே வீட்டில் தங்கி, சேர்ந்து சமைத்து, சேர்ந்து கேம் ஆடினால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு வருடம் கழித்து வேலை நேர்காணலில் ஜெர்மன் வாயில் வராது. ஒரு கால் அங்கே, ஒரு கால் வெளியே வை.

வெளியே வைக்க எளிய வழி உனக்குப் பிடித்ததுதான், ஆட்டம். ஆனால் கம்ப்யூட்டரில் இல்லை, பலகையில். ஒவ்வொரு துறைக்கும் ஒரு மாணவர் மன்றம் உண்டு. அவர்கள் நடத்தும் விளையாட்டு மாலையில் இருபது முப்பது பெட்டிகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். இந்த நாட்டுக்காரர்களுக்குப் பலகையாட்டம் என்றால் அவ்வளவு பிடிக்கும். ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கு 1979லிருந்து விருது கொடுக்கிறார்கள். 1995இல் அதை வாங்கிய கட்டானை முதலில் கற்றுக்கொள். மூன்று நாலு பேர் ஆடுவது, முதலில் 10 புள்ளி எடுப்பவர் ஜெயிப்பார். பலகையில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் எண் உண்டு, பகடையில் அந்த எண் விழுந்தால் அதன் ஓரத்தில் வீடு கட்டியவருக்குச் சரக்குச் சீட்டு கிடைக்கும். இரண்டு பகடையில் 6, 8 ஒவ்வொன்றும் 36க்கு 5 முறை விழும், 2ம் 12ம் ஒரே ஒரு முறை. எனவே வீட்டை எங்கே கட்டுவது என்பதை நீயே கணக்குப் போட்டுக்கொள்வாய். 7 விழுந்தால் கொள்ளையன் வருவான், கையில் ஏழுக்கு மேல் சீட்டு வைத்திருப்பவர் பாதியை இழக்கவேண்டும். பதுக்குகிறவர்கள் தோற்பது அங்கேதான். இதில் பண்டமாற்று செய்யாமல் ஜெயிக்க முடியாது, பேசியே ஆகவேண்டும். ஹோல்ஸ், லேம், வொல்லெ, கெட்ரைடெ, ஏர்ட்ஸ் (மரம், களிமண், கம்பளி, தானியம், தாது) ஐந்து சொல்லும் பத்து வரை எண்ணும் தெரிந்தால் முதல் ஆட்டம் ஓடிவிடும். ஜெர்மன் வகுப்பில் மூன்று வாரத்தில் வராத தைரியம் இங்கே ஒரு ராத்திரியில் வரும்.

பழகியபின் "ஒருநாள் வீட்டுக்கு வா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதே. தேதி, மணி சொன்னால்தான் அது அழைப்பு. மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமையைச் சொல்வார்கள். அது உன்னைத் தவிர்ப்பதற்காக இல்லை, காலண்டரில் உனக்கு இடம் போட்டாயிற்று என்று அர்த்தம். ஏழு மணி என்றால் ஏழு. பிறந்தநாள் வாழ்த்தை முந்தின நாளே சொல்லிவிடாதே, அபசகுனம் என்பார்கள். கேக் கொண்டுவரவேண்டியதும் பிறந்தநாள்காரரேதான்.

இப்போது உன் கம்ப்யூட்டர் கேம். லேப்டாப்பைக் கைப்பையில் எடுத்து வா. 100 வாட்-மணி வரை பேட்டரிக்குத் தடையில்லை. பவர்பேங்கும் கைப்பையில்தான், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். நம் மூன்று முனை பிளக் இங்குள்ள சாக்கெட்டில் நுழையாது. மின்னழுத்தம் ஒன்றுதான், 230 வோல்ட், அதனால் சார்ஜரின் செங்கல் போன்ற பெட்டி அப்படியே வேலை செய்யும். சுவரிலிருந்து செங்கல் வரை போகும் வயரை மட்டும் இங்கே வாங்கி மாட்டு. லொடலொடவென்று ஆடும் அடாப்டரில் 200 வாட் இழுத்தால் முனை சூடாகும். விடுதி அறையில் லேன் துளை இருந்தால் பத்து மீட்டர் கேபிள் ஒன்று போதும், வைஃபையை நம்பாதே.

அங்கிருக்கும் பையன்களோடு சேர்ந்து சுடும் ஆட்டம் ஆடுவேன் என்கிறாய். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கி.மீ. போகும். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 6,500 கி.மீ., போய்த் திரும்ப 65 மில்லிநொடி. இது இயற்கை போட்ட எல்லை. கேபிளோ செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் என்று சுற்றி வருகிறது. பிங், அதாவது சமிக்ஞை போய்த் திரும்பும் நேரம், 120 மில்லிநொடிக்குக் கீழே இறங்குவது அரிது, எவ்வளவு விலை கொடுத்து நெட் வாங்கினாலும். எனவே அவர்களோடு செஸ், சீட்டு, சேர்ந்து கட்டும் ஆட்டங்கள் என்று வைத்துக்கொள். சுடும் ஆட்டத்துக்கு இங்குள்ளவர்களைப் பிடி. நேரமும் மாறும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கே நேரம் இந்தியாவுக்கு மூன்றரை மணி பின்னால், மற்ற மாதங்களில் நாலரை. அங்கே இரவு எட்டு என்றால் குளிர்காலத்தில் இங்கே பிற்பகல் மூன்றரை, உனக்கு வகுப்பு இருக்கும். இரவு பத்துக்கு மேல் மைக்கில் கத்தினால் பக்கத்து அறைக்காரர் முதலில் கதவைத் தட்டுவார், அப்புறம் நிர்வாகத்துக்கு எழுதுவார்.

கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இங்குள்ள கார்டைப் போட்டால் நாடு மாறும், விலை யூரோவில் வரும், அடுத்த மூன்று மாதம் திரும்ப மாற்ற முடியாது. விளையாட ஆசைப்பட்டதை அங்கேயே ரூபாயில் வாங்கிவிட்டு வா. டாரன்ட் மட்டும் கூடவே கூடாது. இறக்கும்போதே உன் கணினி மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும், மாட்டுவது அந்த ஏற்றத்தில்தான். உரிமையாளர் தரப்பு ஐபி எண்ணைக் குறித்துக்கொண்டு, நீதிமன்ற உத்தரவோடு இணைய நிறுவனத்திடம் பெயரை வாங்கிவிடும். பிறகு வக்கீல் கடிதம் வரும், ஒரே படத்துக்குப் பல நூறு யூரோ கேட்டு. கூட ஓர் உறுதிமொழித் தாளும் இருக்கும். அதை அப்படியே கையெழுத்திடக் கூடாது, காலத்துக்கும் கட்டிப்போடும். மாணவர் சங்கத்தின் சட்ட ஆலோசனைக்குத்தான் முதலில் ஓடவேண்டும்.

ஊர் சுற்றுவது சுலபம். 2023 மே மாதம் வந்த நாடு தழுவிய டிக்கெட் மாணவர்களுக்கு அதன் விலையில் 60 சதவீதத்துக்குக் கிடைக்கும், பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும். பஸ், டிராம், உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி விரைவு ரயில்களில் செல்லாது. ரயில் செயலி முதலில் அவற்றைத்தான் காட்டும். "உள்ளூர்ப் போக்குவரத்து மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுக்காமல் ஏறினால் குறைந்தது 60 யூரோ தண்டம். இங்கிருந்து ஆர்இ 1 என்ற உள்ளூர் ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் கொலோன், எஸ்ஸன். ஆகஸ்டில் கொலோனில் கேம்ஸ்காம் என்ற கம்ப்யூட்டர் கேம் கண்காட்சி, அக்டோபரில் எஸ்ஸனில் பலகையாட்டக் கண்காட்சி. கேம்ஸ்காமுக்குப் பல வாரம் முன்பே டிக்கெட் எடுத்துவிடு, சனிக்கிழமைதான் முதலில் தீரும். தங்கும் அனுமதி அட்டை வந்தபின் மற்ற ஷெங்கன் (பொது விசா உள்ள ஐரோப்பிய) நாடுகளில் 180 நாளில் 90 நாள் சுற்றலாம். பாஸ்போர்ட், அட்டை இரண்டும் கையில் இருக்கவேண்டும், போட்டோ செல்லாது. லண்டனுக்குத் தனி விசா.

கடைசியாக ஒன்று. இங்கே வீட்டுக்கு வீடு ஓர் ஆட்டப்பெட்டி இருக்கும், "மனிதா, எரிச்சல்படாதே" என்று அதன் பெயருக்கு அர்த்தம். 1914 முதல் பெருமளவில் தயாராகி விற்கிறது. நம் தாயம் போன்ற பச்சீசி ஆட்டத்திலிருந்து கிளைத்ததுதான், வெட்டுப்பட்ட காய் திரும்பப் போய் உட்காருவதைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிடும். பரணில் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை இரண்டும் இருக்கின்றன. கேட்டு வாங்கி வா, பெட்டியில் போடு, கைப்பையில் வேண்டாம்.

இப்படிக்கு,
அக்கா