டார்ச் அடிச்சுப் பார் தம்பி

முதலியார்பேட்டை
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதறது.

போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேம்மான்னு வச்சிடறே. வாட்சப்ல நீல டிக் விழுது, பதில் வர்றதில்லை. அதான் காகிதத்துல எழுதி இந்தப் பொட்டலத்துக்குள்ளயே வச்சு அனுப்பறேன். இங்க எல்லாரும் சவுக்கியம். அத்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கு. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போனோம், கூட்டத்துல உன் தங்கச்சி செருப்பைத் தொலைச்சிட்டு வெறுங்காலோட வந்தா. மத்த சேதியெல்லாம் அப்புறம்.

தீபாவளிக்கு வந்தப்போ லேப்டாப்ல நீ வரையற கேம்ல ஒரு ஆளைக் காட்டினியே, இருட்டுச் சுரங்கத்துல நடக்கிறவன், ஆரஞ்சு சேஃப்டி கோட்டு போட்டவன், அவனைப் பத்தித்தான் எழுதணும்னு உட்கார்ந்தேன். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் ஓடலை. நான் மிஷின்ல தைச்ச சாமானை என் பிள்ளை கம்ப்யூட்டர்ல தைக்கிறான்னு மாடி வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ராத்திரி படுத்தப்புறம்தான் உறுத்துச்சு. சுரங்கத்துல ஒரு விளக்கு கிடையாது. ஆனா அவன் கோட்டுப் பட்டை மட்டும் ட்யூப் லைட் மாதிரி எரியுது. அது தப்பு தம்பி. பட்டைக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. அதுல பதிச்சிருக்கிற கண்ணாடி மணி, கண்ணுக்கே தெரியாத பொடி, வந்த வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பி விடும். லைட் வச்சிருக்கிறவனுக்குத்தான் அது பளிச்சுன்னு தெரியும். பக்கவாட்டுல நிக்கிறவனுக்கு வெறும் சாம்பல் துணி. தானே புயல் அடிச்சு கரண்டு இல்லாம கிடந்த ராத்திரிங்கள்ல மொட்டை மாடில கோட்டைக் கொடியில மாட்டி இதைக் கண்டுபிடிச்சவனே நீதானே? டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சா எரியுதும்மா, கையை நீட்டிப் பிடிச்சா அணையுதும்மான்னு குதிச்சியே. அதை எப்படிடா மறந்தே?

துணியோட கலரு வேற சங்கதி, அதை நீதான் எனக்குச் சொன்னே. வெயில்ல கண்ணுக்குத் தெரியாம வர்ற புற ஊதாக்கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமா அந்தச் சாயம் வெளியே விடுதுன்னு. 1933-ல அமெரிக்காவுல கீழே விழுந்து அடிபட்ட பாப் ஸ்விட்சர்ங்கிற பையன், இருட்டு அறையில கிடந்தப்போ அண்ணன் தம்பியா சேர்ந்து இந்தச் சாயத்துல இறங்கினாங்கன்னு சொன்னே. 1964-ல ஸ்காட்லாந்து பக்கம் கிளாஸ்கோவுல தண்டவாளத்துல வேலை செஞ்சவங்கதான் பிரிட்டன்ல முதல்ல ஆரஞ்சு கோட்டு போட்டவங்கன்னும் சொன்னே. ஒரு கோட்டு வரையறதுக்கு இவ்வளவு தேடிப் படிச்ச பிள்ளை. அந்தச் சாயம் பகலுக்கும் அந்தி நேரத்துக்கும்தான். ராத்திரி ஹெட்லைட்டுல அது செத்த கலரு. ராத்திரிக்குப் பட்டை ஒண்ணுதான் துணை.

அதனாலதான் சொல்றேன், எந்தக் கோட்டா இருந்தாலும் டார்ச் அடிச்சுப் பார்க்கணும். செல்லு டார்ச்சைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடிச்சு, பத்தடி தள்ளி நின்னு பார்க்கணும்.

நீ முன்னாடி விளையாடுவியே, ஹிட்மேன்னு ஒரு கேம். வேலைக்காரன் உடுப்பைப் போட்டுக்கிட்டா காவல்காரன் கண்ணு அவன் மேல நிக்கவே நிக்காது, நேரா உள்ளே போயிடுவான். பொய் விளையாட்டுன்னு திட்டினேன். இப்போ அப்படித் தோணலை. மாசி மகத்துக்குப் பெங்களூருலேர்ந்து அடுத்த தெரு பையன் வந்திருந்தான், உன் கூடப் படிச்சவன்தான். செல்லுல படம் காட்டினான். ஒசூர் ரோட்டுல ஒரு குடோன் வாசல், ராத்திரி ரெண்டு மணி, அவனும் சிநேகிதங்களும் டீ குடிக்கிறாங்க. அவங்களுக்குப் பின்னாடி லாரி ரிவர்ஸ் வர்ற இடத்துல ஆரஞ்சு கோட்டு போட்ட ஒருத்தன் குனிஞ்சு பெட்டி தூக்கறான். முகம் தெரியலை. இடது காது மட்டும் தெரிஞ்சுது. இது யாருப்பான்னு கேட்டேன். எவனோ லோடு இறக்கறவன் ஆன்ட்டின்னுட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டான். கூடப் படிச்ச பையன் அவன்.

யாரோ பெத்த பிள்ளை. நான் அவனைப் பத்திக் கேட்கலை. ப்ளாஷ் போட்டு எடுத்த படம் அது. லாரி நம்பர் பிளேட்டு பளிச்சுன்னு எரியுது. அந்தப் பையன் முதுகுப் பட்டை மட்டும் சாம்பலா கிடக்கு. ரிவர்ஸ் எடுக்கிற டிரைவருக்கு அவன் இருக்கிறது தெரியவே தெரியாது தம்பி. அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை.

நீ அப்படி இடத்துக்கெல்லாம் போறதில்லை, ஏசி ரூம்ல உட்கார்ந்து வரையறே, எனக்குத் தெரியும். தெரிஞ்சவங்க யாராவது போட்டா சொல்லு. கழுத்துக்கிட்ட லேபிள் இருக்கணும். கோட்டுப் படம் போட்டு 20471-னு நம்பர் இருக்கும், இந்த மாதிரி கோட்டுக்கான உலகத் தர நம்பர் அது, பக்கத்துல 1, 2, 3-னு கிளாஸ் இருக்கும், எத்தனை தடவை துவைக்கலாம்னு இருக்கும். கிளாஸ் 2-ன்னா ரெண்டு இன்ச் பட்டை 2.6 மீட்டராவது உடம்பைச் சுத்தி வரணும். அதுக்குக் குறைச்சு வச்சா அது பேருக்குப் போட்ட கோட்டு. அழுக்கேறினா கலரு மங்கும், ப்ளீச் போட்டாலும் போயிடும், பட்டை மேல இஸ்திரி படவே கூடாது, நிழல்ல காய வைக்கணும். லேபிளையும் நம்பிட வேண்டாம், அதையும் அடிக்கிறவங்க இருக்காங்க. டார்ச் அடிச்சுப் பார்.

கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாத்தான் வேலைன்னு நான் உனக்கு எப்பவாவது சொன்னேனா? சொல்லியிருப்பேன். உன்னைப் பத்தி இந்தத் தெருவுல யார்கிட்ட நான் பெருமை பேசலை. அது உன் தலையில சுமையா உட்கார்ந்திருக்கோ என்னவோ. அதுக்காகப் போனைக்கூட எடுக்காம இருக்கலாமா? பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லாத மீட்டிங் என்ன மீட்டிங்? மில்லுல வேலை நின்னப்போ உங்க அப்பா மூணு மாசம் டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டுக் கிளம்பினாரே, பாரதி பூங்காவுல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு சாயங்காலம் வருவாரே, எனக்கு அது முதல் வாரத்துலயே தெரியும். அவரா சொல்லட்டும்னு விட்டேன். தினமும் பொரியல் கூட ஒரு கரண்டி வச்சேன், அவ்வளவுதான் செஞ்சேன். கேட்டிருக்கணும்னு இப்போ தோணுது.

பட்டையைப் பத்தி இவ்வளவு அடிச்சுச் சொல்றேனே, பத்து வருஷம் தைச்சவளுக்குத் தெரியாதான்னு நினைச்சுக்குவே. அது மட்டும் இல்லை தம்பி. உன்கிட்ட ஒண்ணு நான் சொன்னதில்லை, யார்கிட்டயும் சொன்னதில்லை. 2018 ஆடி மாசம், உன் அனிமேஷன் கோர்ஸுக்கு ரெண்டாவது தவணை கட்டணும். தட்டாஞ்சாவடில நான் போன யூனிட்டுக்கு நானூறு கோட்டு ஆர்டர், நாலு நாள் டயம். பட்டை ரோலைப் பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. நல்ல பட்டை பகல்ல மங்கலாத்தான் இருக்கும். இது சீர்வரிசைத் தட்டுல சுத்தற ஜிகினாத் தாள் மாதிரி பகல்லயே மினுமினுன்னு இருந்துச்சு. ஒரு துண்டை எடுத்துக்கிட்டு பாத்ரூம் லைட்டை அணைச்சு டார்ச் அடிச்சேன். ஒண்ணுமே இல்லை. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். கேட்ட விலைக்கு ஏத்த சரக்கு அக்கான்னாரு. பீசுக்கு ஆறு ரூபா வாங்கறவளுக்கு அந்த ஆர்டருக்கு எட்டு ரூபா. தைச்சேன். நூத்தம்பது கோட்டு என் கையால. அந்தப் பணமும் உன் தவணையில சேர்ந்துது.

அந்த ஐப்பசியில ஒரு விடியக்காலை, அத்தையை ஜிப்மருக்கு ஆட்டோவுல அழைச்சிட்டுப் போறேன். ராஜீவ் காந்தி சிலைகிட்ட ஆட்டோ நின்னுச்சு. ரோடு பெருக்கற அம்மா ஒருத்தங்க முதுகைக் காட்டிக்கிட்டு இருந்தாங்க. பஸ் ஒண்ணு திரும்பினப்போ ஹெட்லைட் முழுசா அவங்க மேல விழுந்துச்சு. பட்டை எரியலை. பஸ் கடைசி நிமிஷத்துல ஒடிச்சுப் போச்சு. அப்புறம் அவங்க ஆட்டோவை ஒட்டி வந்து பெருக்கினாங்க. பட்டை முடியற இடத்துல மூணு தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்டுப் போடுவேனே, அந்தத் தையல். நிமிர்ந்து பார்த்து, ஆஸ்பத்திரிக்காம்மான்னு அன்பாக் கேட்டாங்க. ஆமான்னேன். இதை நம்பி நடு ரோட்டுல நிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். எப்படித் தெரியும்னு கேட்பாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன். ஆட்டோ கிளம்பிடுச்சு.

அடுத்த மாசமே அந்த யூனிட்டை விட்டு நின்னேன். இடுப்பு வலின்னு உங்ககிட்ட சொன்னேன். அதுக்கப்புறம் எத்தனையோ விடியக்காலை அந்தச் சிலையைச் சுத்தி வந்திருக்கேன், அந்தம்மாவைப் பார்க்கலை. படத்துல இருந்த பையன் போட்டிருந்தது நான் தைச்சதா இருக்காது, அது பழைய கதை. வேற எவளோ ஒருத்தி, அவ பிள்ளைக்கு ஃபீஸ் கட்டறதுக்காகத் தைச்சது.

பொட்டலத்துல ஒரு கோட்டு இருக்கு. பட்டையைச் சென்னையிலேர்ந்து வரவழைச்சு, மாடில உன் தங்கச்சியை நிக்க வச்சு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் தைச்சேன். கேம்ல வரையறதுக்கு மாதிரி வேணும்னு முன்னாடி கேட்டியே, அதுக்கு வச்சுக்கோ. உன் சட்டை அளவுக்கு மேல ரெண்டு இன்ச் விட்டிருக்கேன், உள்ளே ஸ்வெட்டர் போட்டாலும் பிடிக்காது. அங்க விடியக்காலை குளிரும். தோள்லயும் ரெண்டு பக்கமும் தைக்கலை, வெல்க்ரோதான் வச்சிருக்கேன். எதுலயாவது மாட்டி இழுத்துச்சுன்னா கோட்டு மட்டும் கழண்டு அதோட போயிடணும். வந்ததும் போட்டுப் பார்த்து, தோள்கிட்ட இழுத்தா விட்டுக்குதான்னு ஒரு தடவை பார். விட்டுக்கலைன்னா எத்தனை மணியா இருந்தாலும் போன் பண்ணு, முழிச்சுத்தான் இருப்பேன்.

அம்மா