ஏழாம் தேதி

திண்டுக்கல்
ஞாயிறு இரவு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அப்பாவின் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இனிமேல் பேப்பரில் அச்சுப்பிழைகளைக் கண்டுபிடித்து உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவார். பொறுத்துக்கொள்.

"இன்னுமா அந்த மில்லில் இருக்கிறாய்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். விடுதியில் உப்புமாவைப் பற்றி வார்டனிடம் நேரே போய்ச் சொன்னவள் நீ. உன் முதுகுக்குப் பின்னால் நின்றவள் நான். இருபத்து மூன்று வருடம் கழித்தும் அப்படியேதான் இருக்கிறோம். ராஜினாமாக் கடிதம் எழுதி எட்டு மாதமாகிறது. தேதி மட்டும் போடவில்லை. பீரோவில் அத்தையின் மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது.

சேலை விற்பனை எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. 2020 ஊரடங்கின்போது சின்னாளபட்டியில் எனக்குத் தெரிந்த அக்கா வீட்டில் சுங்குடிச் சேலைகள் கட்டுக் கட்டாகத் தேங்கிவிட்டன. கடைகள் திறக்கவில்லை, கொடுத்தவற்றுக்கும் பணம் வரவில்லை. நான் சேலைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு அனுப்பினேன். அன்று மட்டும் பன்னிரண்டு விற்றன. பிறகு மாதம் பத்து, இருபது என்று வளர்ந்தது. இப்போது படம் போடுவதற்கென்று தனியாக ஒரு கணக்கு, பார்சல் கட்டுவதற்கென்று கொல்லைப்புற அறை என்று ஆகிவிட்டது. நீ கேட்ட முடிச்சுச் சுங்குடி என்னிடம் இல்லை. துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குகிற பழைய வேலை இப்போது அபூர்வம். நான் விற்பது மெழுகு அச்சு. அதைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிடுகிறேன். அதனால் சிலர் வாங்காமல் போகிறார்கள், போகட்டும்.

கணக்கு எழுதிப் பிழைப்பவள் ஆயிற்றே, இரண்டு வருட வரவு செலவைத் தனி நோட்டில் வைத்திருக்கிறேன். தீபாவளி மாதம் 58,000 ரூபாய் லாபம். மார்கழியில் 4,200. சராசரி போட்டால் மாதம் 24,000 சொச்சம் வருகிறது. மில்லில் கைக்கு வருவது 27,500. இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து செய்கிற வேலையிலேயே இவ்வளவு வருகிறதென்றால் முழு நேரமும் செய்தால் எவ்வளவு வரும் என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சராசரியை வைத்து உலை வைக்க முடியாது. பள்ளிக் கட்டணம் ஜூனில் வருகிறது. என் நோட்டில் ஜூன் மாதத்துக்கு எதிரே 7,000 என்று இருக்கிறது. அவருடைய லேத் பட்டறை வருமானம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தேதி தவறாமல் வருவது ஏழாம் தேதி வரும் என் சம்பளம் ஒன்றுதான்.

சம்பளச் சீட்டில் கண்ணில் படாதவை வேறு இருக்கின்றன. வருங்கால வைப்பு நிதிக்குக் கம்பெனி போடும் பங்கு மாதம் 1,800 ரூபாய். வேலையை விட்ட மறுநாளே அது நின்றுவிடும். பத்து வருடம் தாண்டிவிட்டதால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. அதை வைத்து வெற்றிலை பாக்கு வாங்கலாம். பெரிய கவலை அத்தையின் மருத்துவக் காப்பீடு. மில்லின் குழுக் காப்பீட்டில் அவர்களும் இருக்கிறார்கள். வெளியே புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். குழுவிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறினால், குழுவில் இருந்த வருடங்கள் இந்தக் காத்திருப்பில் கழியும். ஆனால் வேலையில் இருக்கும்போதே எழுதிக் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் தேதி போட்டே அனுப்பிவிட்டேன், பதில் வரவில்லை.

வரி பற்றிப் பயமில்லை. பதினேழு வருடம் அடுத்தவர் கணக்கை எழுதிய கை. சிறு வியாபாரிக்கு, வங்கி வழியாக வந்த விற்பனைத் தொகையில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும் என்று ஒரு வசதி இருக்கிறது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், சம்பளச் சீட்டு இல்லாதவளிடம் மேனேஜர் முதலில் கேட்பது அந்த வரிக் கணக்கைத்தான். லாபத்தைக் குறைத்துக் காட்டியவளுக்குக் கடனும் குறைத்துத்தான் கிடைக்கும். அதனால் உள்ளது உள்ளபடி காட்டி வருகிறேன். அவருக்கு இதில் என் மேல் கொஞ்சம் வருத்தம்.

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். திரும்பி வந்த பார்சல் ஒன்றைப் பிரித்தேன். "நிறம் பிடிக்கவில்லை" என்று எழுதியிருந்தது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. சேலையை உதறினேன். மல்லிகை இதழ் ஒன்று காய்ந்து சருகாகிக் கீழே விழுந்தது. விளக்கருகில் கொண்டுபோய்க் கீழ்க்கரையைப் பார்த்தால், நெடுகிலும் ஊசித் துளைகள். ஃபால்ஸ் தைத்து, விசேஷத்துக்குக் கட்டிப் போய்விட்டு, தையலைப் பிரித்து மடித்து அனுப்பியிருக்கிறார்கள். மடிப்பு மட்டும் பிரமாதம், கடையில் மடித்தது போல. கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சேலையைத்தான் இப்போது வீட்டில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதே மாதம் நான் படம் போடும் கணக்கு ஒரு நாள் காலையில் முடங்கிப்போனது. காரணம் சொல்லவில்லை. பதினோரு நாள். எழுதி எழுதிப் பார்த்தேன், ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. பன்னிரண்டாம் நாள் தானாகத் திறந்துகொண்டது. மில்லில் மேனேஜர் கத்தினால் கத்துகிற முகமாவது தெரியும். மதியம் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் தணிந்திருப்பார், அப்போது போய்ப் பேசலாம். இங்கே யாரிடம் போய் நிற்பது?

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பார்த்தால், நான் தயங்குவதற்கு உண்மையான காரணம் இவை எதுவும் இல்லை என்று தோன்றுகிறது, கோமதி. அந்தப் பதினோரு நாளில் அக்காவிடம் நாற்பது சேலை சொல்லி வைத்திருந்தேன். ஒன்றுகூட விற்கவில்லை. ஆனாலும் ஏழாம் தேதி சம்பளம் வந்தது, எட்டாம் தேதி பஸ் ஏறிப் போய் 24,800 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். அக்கா எண்ணக்கூட இல்லை, மாடத்தில் வைத்துவிட்டார். அந்தத் தெருவில் வாங்குகிற மற்றவர்கள் இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்துத்தான் கொடுப்பார்கள். விற்கவில்லை என்றால் திருப்பிக் கொண்டுவந்தும் போடுவார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று முன்பு நினைத்திருந்தேன். அன்று திரும்பி வரும்போது, சம்பளம் இல்லாதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். "அக்கா, அடுத்த மாதம் தருகிறேன்" என்று சொல்லியிருப்பேன். அதற்கடுத்த மாதமும் அதையே. மெழுகு அச்சை மெழுகு அச்சு என்று எழுதுவதும், ஊசித் துளை போட்ட சேலைக்குப் பணத்தைத் திருப்பித் தருவதும்கூட ஏழாம் தேதி கொடுக்கிற தைரியம்தான்.

இதை அக்காவிடம் மேலோட்டமாகச் சொன்னேன். அவருக்கு இது புரியவில்லை, அல்லது நன்றாகவே புரிந்தது. "நீ முழு நேரமாக வந்தால் இன்னும் இரண்டு பேருக்கு வேலை கொடுப்பேன். உன் நல்ல குணத்தைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்" என்றார்.

அன்றிலிருந்து கணக்கை வேறு மாதிரி போடுகிறேன். வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் கையிருப்பு வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது, நகையைத் தொடாமலே. இன்னும் சேராதது அக்காவுக்கென்று தனியாக வைக்க வேண்டிய கொள்முதல் பணம். இரண்டு லட்சமாவது வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் எட்டாம் தேதி அவர் கைக்குப் போக வேண்டிய பணம் அது. பணிக்கொடையைக் கணக்குப் பார்த்தேன். கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 22,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பதினேழு வருடத்துக்கு 2,15,769 ரூபாய் வருகிறது. கச்சிதமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அது வேலையை விட்ட பிறகுதான் வரும். முப்பது நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம். எங்கள் மில்லில் போன வருடம் ஓய்வு பெற்றவர் ஐந்து மாதம் நடந்தார். அவருக்கான வவுச்சரை எழுதியவளே நான்தான்.

ஆகவே தையில் கேட்கப் போகிறேன், மார்கழி நோட்டு எப்படி இருந்தாலும் சரி. பணிக்கொடைச் செக்கை எந்தத் தேதியில் தருவீர்கள் என்று முதலில் எழுதி வாங்குவேன், பிறகுதான் பீரோவைத் திறப்பேன். மேனேஜர் அறைக்குப் போகும்போது நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். முதுகுக்குப் பின்னால் நிற்க ஆள் வேண்டும்.

உன் மகளுக்கு எந்தக் கல்லூரி என்று முடிவானதும் எழுது. உனக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். விலை 890. தோழிக்கென்று தள்ளுபடி கிடையாது. ஃபால்ஸ் தைத்துவிட்டால் திருப்பி எடுக்கவும் மாட்டேன்.

அன்புடன்,
மீனா