ஐடிஐ முதல்வர்களுக்கு மண்டபம் கரையிலிருந்து ஒரு மடல்

இராமநாதபுரம் மாவட்டத்து ஐடிஐ, பாலிடெக்னிக் முதல்வர்களுக்கு வணக்கம்.

மண்டபத்தில் விசைப்படகுகளின் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்க நம் பிள்ளைகளைத் தயார்செய்வது பற்றித்தான் இந்த மடல். இதைப் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். அப்படி ஒரு கருவியைத் தப்பாகச் சரிசெய்தவன், அதுதான் தகுதி.

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நுரையீரல் நோய். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற பழைய கான்சன்ட்ரேட்டர் ஒன்று வீட்டில் வைத்திருந்தோம். ஒருநாள் சூடேறி நின்றுவிட்டது. கழற்றினால் கடையில் தினம் பார்க்கிற அதே கதை: விசிறி கனெக்டரில் பச்சைக் களிம்பு, ஃபில்டரில் அடை அடையாகத் தூசி. சுரண்டித் துடைத்து, ஒயரை மாற்றிப் பற்றவைத்தேன். ஓடியது. எனக்கு ஒரே பெருமை.

ஆனால் அத்தா விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 86-க்கு மேல் ஏறவே இல்லை. நோய் முற்றிவிட்டதோ என்று இரண்டு நாள் தவித்தோம். மதுரையிலிருந்து வந்த டெக்னீசியன் குழாய் முனையில் சின்ன மீட்டர் ஒன்றைப் பிடித்தார். 90 சதவீதம் தாண்டி வரவேண்டிய ஆக்சிஜன் 60-ல் நின்றது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைக்கிற ஜியோலைட் மணிகள் ஈரம் குடித்து வீணாகியிருந்தன. அளவு குறைந்தால் கத்துகிற சென்சாரும் அந்த மாடலில் இல்லை. வயர்லெஸ் கெட்டால் பேச்சு கேட்காது, உடனே தெரிந்துவிடும். இது ஓடிக்கொண்டே பொய் சொன்னது.

அந்தச் சின்ன மீட்டருக்காகத்தான் எழுதுகிறேன்.

'டெக்னீசியன் மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ்' என்று இரண்டு வருட ஐடிஐ பிரிவு ஒன்று நாட்டில் இருக்கிறது. பத்தாவது முடித்தவர்கள் சேரலாம். நம் கரையில் அதை நடத்தும்போது சால்டரிங்கோடு நிறுத்திவிடாதீர்கள். களிம்பு சுரண்ட இங்கே எட்டாவது படிக்கிற பையனுக்கே தெரியும். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற சிரிஞ்ச் பம்ப் மணிக்கு 5 மில்லி என்று காட்டினால், அளவுக் குழாயும் கடிகாரமும் வைத்து மாணவரே அளந்து பார்க்கட்டும். ஈசிஜி பெட்டிக்கு, இதயத் துடிப்பு போலவே சிக்னல் கொடுக்கிற சிமுலேட்டரை மாட்டி, நிமிடத்துக்கு 60 என்று கொடுத்தால் 60-ஐத்தான் காட்டுகிறதா என்று பார்க்கட்டும். நோயாளி உடம்பில் ஒட்டுகிற ஒயரில் கரண்ட் கசிகிறதா என்று சோதிக்காமல் எதையும் வார்டுக்குத் திருப்பி அனுப்பக்கூடாது. நெஞ்சில் ஷாக் கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்குகிற டிஃபிபிரிலேட்டரைத் திறக்கும் முன் ஒன்றுக்கு இரண்டு தடவை எச்சரியுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்கிற சார்ஜ் நிற்கும். கிருமி நீக்காமல் கருவியைத் தொடக்கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு மறு கையால் செட்டைத் திறக்கிற என் பழக்கம் அங்கே ஆகாது.

கற்றுக்கொள்ளப் புதுக் கருவிதான் வேண்டும் என்றில்லை. ஆஸ்பத்திரிகளில் இனி உதவாது என்று கழித்துப் போட்டவற்றைக் கேட்டு வாங்குங்கள். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சர்வீஸ் மேனுவலையும் சேர்த்துக் கேளுங்கள், அது இல்லாமல் கருவி வெறும் டப்பா.

கருவிப் பராமரிப்புக்கென்று 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில், மாவட்ட மருத்துவமனைக் கருவிகள் 95 சதவீத நேரம் இயங்க வேண்டும், சமுதாய சுகாதார நிலையத்தில் 90, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 என்று இலக்கு வைத்தார்கள். உப்புக்காற்று என்னவோ கடலோர ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் முதலில் நுழைகிறது. பக்கத்து ஊரிலேயே கைதேர்ந்த ஒரு பெண்ணோ பையனோ இருந்தால் மதுரை வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்காரர்கள் செட்டுகளைக் கழற்றி என் கடையில் குவிக்கிற சமயம் அது. உப்பு ஒரு போர்டை என்ன செய்யும் என்று பார்க்க உங்கள் மாணவர்களை அப்போது அனுப்புங்கள், சம்பளம் கேட்க மாட்டேன். அத்தாவின் கான்சன்ட்ரேட்டரும் அங்கேதான் இருக்கிறது. மணிகளை மாற்றவில்லை. மீட்டரை நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
மண்டபத்து வயர்லெஸ் கடைக்காரன்