படக்கதைப் புத்தகங்கள் அலுமாரியை விட்டு வகுப்பறைக்கு வரவேண்டும்

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்பப் பிரிவு வகுப்புகளில் படக்கதைப் புத்தகங்கள் கையாளப்படும் விதம் குறித்து, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில விடயங்களை முன்வைக்க விரும்புகிறேன். படுவான்கரைப் பாடசாலைகளில் நீண்ட காலம் ஆரம்பக் கல்வி ஆசிரியையாகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவள் நான்.

அண்மையில் என் பேத்தியின் வகுப்பில், யானையைப் பற்றிய படக்கதை ஒன்றை வைத்து ஒரு ஒப்படை கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் எவரும் அந்தப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. கிழிந்துவிடும் என்று அது அலுமாரியில் பூட்டப்பட்டிருந்தது. பெற்றோர் கடைக்குப் போய் யானையின் நிறப்படத்தை அச்செடுத்து, பிரிஸ்டல் போர்டில் ஒட்டி, சுற்றிவர மினுக்குத்தாள் வைத்து அனுப்பினார்கள். அவற்றுள் மிகவும் துப்புரவாகச் செய்யப்பட்டிருந்த ஒன்று சுவரில் தொங்கவிடப்பட்டது. பிள்ளை அதில் செய்த வேலை, அதைச் சுமந்துகொண்டு போனது மட்டுமே. நாளாந்தக் கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அந்த அச்சுச் செலவும் ஒரு செலவுதான் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே யானைக் கதையைக் கொண்டு ஒரு வாரத்துக்குரிய மொழியையும் கணிதத்தையும் கைவேலையையும் செலவில்லாமல் கற்பிக்கலாம். நான் தரம் 3இல் இதைச் செய்திருக்கிறேன். யானை வாழைத்தோட்டத்தில் நின்று சிரிக்கும் பக்கத்தை நான் காட்டியபோது, "அது யார்ர வாழை, டீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். யானைகள் வயலுக்கும் வளவுக்கும் வந்துபோகும் ஊரில் அந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு. அன்றைய எழுத்துவேலை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியது. வாழைக்குச் சொந்தக்காரர் சொல்வதுபோலக் கதையை எழுதுங்கள் என்றேன். "யானை வந்த. அப்பா யானைவெடி கொளுத்தினார். யானை போயிட்டு. தங்கச்சி அழுதா" என்று எழுதினான் அவன். ஐந்து வரி கட்டுரைக்கு மேல் எழுதியறியாத பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பியும் எழுதினார்கள். இத்தகைய முதல் எழுத்தில் சிவப்புப் பேனையை வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. "போயிட்டு" என்பதை "போய்விட்டது" ஆக்கும் பயிற்சியை மறுநாள் தாராளமாகச் செய்யலாம்.

கணிதத்துக்கு யானையின் அடிச்சுவடே போதுமானது. ஆசிய யானையின் தோள் உயரம், அதன் முன்னங்கால் பாதத்தின் சுற்றளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருக்கும். ஒரு சுவட்டின் சுற்றளவு 130 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், யானை கிட்டத்தட்ட 260 சென்ரிமீற்றர் உயரமாக இருக்கவேண்டும். வயலில் யானை நடந்த சுவட்டைக் கயிற்றால் அளந்து வந்து தரும்படி ஒரு தகப்பனாரிடம் கேட்டிருந்தேன். அந்தக் கயிற்றை மண்ணில் வட்டமாக வைத்து, பிறகு அதே நீளத்தில் இன்னொன்றை முடிந்து சுவரில் பிடித்தபோது, அது வகுப்பறைக் கதவு நிலைக்கும் மேலே போயிற்று. சுற்றளவு, இருமடங்கு, மதிப்பீடு என்ற மூன்றும் அந்த ஒரு கயிற்றில் அடங்கிவிட்டன.

கைவேலைக்குக் குளத்துக் களிமண் எடுத்தோம். மெல்லிய கால் வைத்த யானைகள் எல்லாம் உடல் கனத்தில் சரிந்துவிட, பிள்ளைகள் தாங்களாகவே கால்களைப் பருமனாக்கினார்கள். யானைக்கு ஏன் தூண்போன்ற கால் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அச்செடுத்த படத்தை ஒட்டிய பிள்ளைக்கு இந்த அறிவு எங்கிருந்து கிடைக்கும்?

வெளிநாட்டுக் கதையானாலும் இதே வழி பொருந்தும். எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட கம்பளிப்புழுக் கதையில், புழு திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்று, இரண்டு என்று ஐந்துவரை பழங்களைத் தின்கிறது, கூட்டினால் 15. பிளம்சையும் ஸ்ரோபெரியையும் எடுத்துவிட்டு ஜம்புவையும் கொய்யாவையும் நாவலையும் போட்டு, சனிக்கிழமையும் ஆறு தின்றால் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். பாடசாலை வளவின் எலுமிச்சை மரத்திலோ கறிவேப்பிலையிலோ உண்மையான புழுவையும் காட்டலாம்.

இதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றையும் கற்பித்தல் முறையாகவே வகுத்திருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நெருக்கடியைத் தரம் 1, 2 பிள்ளைகள் மீது ஏற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை. புத்தகம் போதாத பாடசாலைகள், இந்தியாவின் பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்ரோரிவீவர் இணையத்தளத்திலிருந்து தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் பெற்று அச்சிட்டுக்கொள்ளலாம்.

எனவே, இரு மாவட்டங்களின் வலயக் கல்விப் பணிமனைகளும் ஆரம்பப் பிரிவு ஆசிரிய ஆலோசகர்களைக் கொண்டு இதற்கெனச் செயலமர்வுகளை நடத்த வேண்டும். பாடசாலைக் கண்காட்சிகளில் பிள்ளையின் கையால் ஆகாத ஆக்கங்களை ஏற்பதில்லை என்ற விதியையும் கொண்டுவர வேண்டும். அதிபர்கள் அலுமாரித் திறப்பை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். புத்தகங்கள் கிழியத்தான் செய்யும். கிழிந்த பக்கத்தைக் கோதுமை மாப் பசையால் ஒட்டவும் பிள்ளைகளுக்கே பழக்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பக் கல்வி ஆசிரியை,
கொக்கட்டிச்சோலை.