ஹனோய்க்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. வியட்நாமின் ஹனோயில் வழிகாட்டியோடு தெருக்கடைகளுக்குச் சாப்பிடப் போவதா, நீயே சுற்றிக்கொள்வதா என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

வேறு யாராவது கேட்டிருந்தால் வழிகாட்டி வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அங்கே பழைய நகரத்தில் பல கடைகளில் ஒரே பண்டம்தான் விற்பார்கள். கூட்டம் இருக்கிற கடையில் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் போதும். ஆனால் உனக்கு நிலக்கடலை ஆகாதே அம்மா. ஆறு வயதில், திருவிழாக் கூட்டத்தில் யாரோ கொடுத்த கடலை உருண்டையைத் தின்றுவிட்டு உதடு வீங்கி மூச்சு இழுத்தது உனக்கு. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேனே, அதை நான் மறக்கவே இல்லை.

அந்த ஊரில் பப்பாளிக்காயைச் சீவிக் கலக்கும் ‘நொம்’ மேல் வறுத்த கடலையைத் தூவுவார்கள். ‘புன் போ நாம் போ’ என்ற மாட்டிறைச்சிச் சேமியாவிலும் தூவுவார்கள். காலையில் விற்கும் ஒட்டரிசிச் சோற்றில் ஒரு வகை கடலை போட்டே வேகவைப்பது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிவிடலாம். தொட்டுக்கொள்ளும் சாற்றில் அரைத்துக் கலந்திருந்தால் என்ன செய்வாய்? கடைக்காரரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். தெற்கே சைகோன் பக்கம் கடலைக்கு ‘தௌ ஃபொங்’ என்பார்கள், ஹனோயில் ‘லாக்’. ராகம் மாறினால் பொருளே மாறிவிடும் மொழி அது. அதனால் வாயால் சொல்லிப் பார்க்காதே. இரண்டு சொல்லையும் அவர்கள் எழுத்திலேயே ஒரு அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு காட்டு.

போய் இறங்கியதும் முதல் சாயங்காலமே வழிகாட்டியோடு போ. நடந்து போகிற சின்னக் குழுவாகப் பார்த்துச் சேர். மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போவது வேண்டாம். பணம் கட்டுமுன் கடலை விஷயத்தை எழுதிக் கேள். எந்தக் கடையில் என்ன போடுகிறார்கள், ஒரே சட்டியில் வறுக்கிறார்களா என்று விவரமாகப் பதில் வந்தால் சேரலாம். “பிரச்சினை இல்லை” என்று ஒரே வரியில் பதில் வந்தால் அவர்களை விட்டுவிடு. அன்றைக்கு உன் உடம்புக்கு ஒத்துக்கொண்ட கடைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து அங்கேயே தனியாகப் போய்ச் சாப்பிடு.

டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி தோள்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். கூட வருகிறவர்களிடம் அதைக் காட்டி வை.

அங்கே முட்டைக் காப்பி கிடைக்குமாம். 1946-இல், பால் கிடைக்காத காலத்தில், மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த ஙுயென் வான் ஸாங் முட்டை மஞ்சட்கருவை நுரைக்க அடித்துப் போட்டுப் பழக்கியது. குடித்துப் பார்த்துவிட்டு எழுது. அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்புடன்,
அப்பா