ஸ்விஃப்ட் கரண்ட் ஊரும் அதன் ஹாக்கிப் பசங்களும்

ரெஜைனா, சஸ்காட்செவன்
ஜனவரி

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு நல்ல இடமாக அமைந்ததில் ரொம்பச் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். போன வாரம் மைனஸ் முப்பதுக்குக் கீழே போய்விட்டது. இந்தக் குளிரில் காரை ராத்திரி முழுக்க ப்ளக்கில் செருகி வைக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் எஞ்சின் கிளம்பாது. மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி தினமும் அதற்கு ஒயர் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம்ம கோவில்பட்டி ஹாக்கிப் பசங்க டீமை இந்த வருஷம் வெளியூர் டோர்னமென்ட்டுகளுக்குக் கூட்டிப் போகப் போகிறாய். இங்கே எப்படிச் செய்கிறார்கள், சின்ன ஊர் டீம்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று கேட்டிருந்தாய். பொதுவாகச் சொல்வதைவிட ஒரு ஊரின் கதையைச் சொல்கிறேன். இங்கிருந்து மேற்கே டிரான்ஸ்-கனடா ஹைவேயில் சுமார் இரண்டரை மணி நேரம் போனால் ஸ்விஃப்ட் கரண்ட் வரும். கோதுமையும் எண்ணெய்க் கிணறுகளும் உள்ள சமவெளி. 2016 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 16,600 சொச்சம், கோவில்பட்டியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த ஊருக்கு வெஸ்டர்ன் ஹாக்கி லீக் என்ற ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீகில் ஒரு டீம் இருக்கிறது: ஸ்விஃப்ட் கரண்ட் பிராங்கோஸ்.

ஜூனியர் ஹாக்கி என்றால் 16 முதல் 20 வயது வரையுள்ள பையன்கள். இங்கிருந்துதான் பெரிய லீகான என்.ஹெச்.எல்லுக்கு ஆள் எடுப்பார்கள். பையன்கள் பல மாகாணங்களிலிருந்து வருவார்கள். அவர்களுக்கு விடுதி கிடையாது. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, சொந்தப் பிள்ளை மாதிரி சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புவார்கள். பில்லெட் குடும்பம் என்று பெயர். ஒரு மேட்ச் முடிந்து நான் வெளியே வரும்போது ஒரு அம்மா, தன் தலைக்கு மேல் வளர்ந்த ஒரு பையனிடம், தொப்பி போடாமல் கிளம்பியதற்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவன் அரை மணி நேரத்துக்கு முன்புதான் இரண்டு பேரை ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகையோடு வைத்து இடித்தவன்! தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

டீமின் கதை 1967-ல் ஆரம்பிக்கிறது. ஆரம்ப வருஷங்களிலேயே பிரயன் டிராட்டியே என்ற பையன் அங்கே ஆடினான். தெற்கே வால் மரி என்ற குக்கிராமத்துக்காரன். பிற்பாடு நியூயார்க் ஐலண்டர்ஸோடு நாலும் பிட்ஸ்பர்க்கோடு இரண்டுமாக என்.ஹெச்.எல்லின் ஸ்டான்லி கோப்பையை ஆறு முறை ஜெயித்தான். ஆனாலும் ஊர் சின்னது, கைக்காசு போதவில்லை. 1974-ல் டீம் ஆல்பர்ட்டாவிலுள்ள லெத்பிரிட்ஜுக்குப் போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1986-ல், ஊர்க்காரர்களே சேர்ந்து டீமைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்கள். இன்றுவரை அது முதலாளி டீம் கிடையாது, ஊருக்குச் சொந்தம். நம்ம லட்சுமி அம்மாள் டோர்னமென்ட் சமயத்தில் கேலரி நிரம்பி வழியுமே, ஞாபகம் இருக்கிறதா? இவர்களுக்கு அது ஒரு வாரத் திருவிழா இல்லை, இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை நடக்கும் வேலை. ரிங்கில், அதாவது ஐஸ் ஆடுகள அரங்கில், மூவாயிரம் பேர்கூட உட்கார முடியாது. அப்படியும் ஊரில் ஆறில் ஒருவர் உள்ளே வந்துவிட முடியும் என்று பார்.

திரும்பி வந்த முதல் சீசன். டிசம்பர் 30, 1986. ரெஜைனாவில் ஆட பஸ்ஸில் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ், இங்கே கறுப்பு ஐஸ் என்பார்கள். பஸ் வழுக்கி, ரோட்டை விட்டு இறங்கி, மேட்டில் மோதி அந்தரத்தில் தூக்கி, பக்கவாட்டில் விழுந்தது. பின்சீட்டில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நாலு பேர் போய்விட்டார்கள்: டிரென்ட் கிரெஸ், ஸ்காட் குரூகர், கிறிஸ் மன்டைகா, பிரென்ட் ரஃப். பிரென்ட்டுக்கு வயது 16. முன்பக்கம் இருந்தவர்களில் ஜோ சாகிக்கும் ஷெல்டன் கென்னடியும் பிழைத்தார்கள். சாகிக் பின்னால் கொலராடோவுக்கு இரண்டு முறை ஸ்டான்லி கோப்பை வாங்கிக் கொடுத்த பெரிய ஆட்டக்காரர். அந்த விபத்தைப் பற்றி அவர் பொதுவில் அதிகம் பேசுவதில்லை.

டீம் கலையவில்லை. அந்த சீசனை ஆடி முடித்து, பிளே ஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கும் போனார்கள். ஜெர்சியில் குளோவர் என்ற செடியின் நாலு இலைப் படம், ஒவ்வொரு இலையிலும் ஒரு பையனின் நம்பர்: 8, 9, 11, 22. இன்று லீகின் ஆண்டுச் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் கோப்பைக்கு ‘நாலு பிராங்கோஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் 1989. இதைச் சொல்லும்போது இங்கத்துக்காரர்களின் குரலே மாறிவிடும். விபத்து நடந்து முழுசாக இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை. அந்த சீசனில் 72 மேட்சில் 55 ஜெயித்தார்கள். பிளே ஆஃபில் மூன்று சுற்று, பன்னிரண்டு மேட்ச், ஒன்றுகூடத் தோற்கவில்லை. கோல்கீப்பர் டிரெவர் குரூகர், இறந்துபோன ஸ்காட்டின் சொந்தத் தம்பி. இன்னொரு சகோதரன் டேரன் தடுப்பாட்டத்தில். ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர் இந்தச் சட்டையைப் போட்டவர்கள். கனடா முழுவதுக்குமான ஜூனியர் கோப்பையான மெமோரியல் கப் அந்த வருஷம் சஸ்கட்டூனில். இறுதிப் போட்டியில் எதிரணியும் சஸ்கட்டூன்தான், சொந்த மைதானத்துக்காரர்கள். 3-3 என்று ஓவர்டைமுக்குப் போனது. டிம் டிஸ்டேல் போட்ட கோலில் கோப்பை பிராங்கோஸுக்கு. அவ்வளவு சின்ன ஊர், அவ்வளவு பெரிய துக்கத்துக்குப் பிறகு. யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் இவ்வளவு அநியாயமாக எழுதாதே என்று திட்டியிருப்போம்.

நான் முதன்முதலில் கேட்டபோது கதை இத்தோடு முடிந்தது. ஊர் டீமைக் காப்பாற்றியது, டீம் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என்று. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அந்த டீமின் கோச், மேனேஜர் இரண்டுமே கிரஹாம் ஜேம்ஸ் என்ற ஒரே ஆள். யார் ஆடுவது, யார் வெளியே போவது, எல்லாம் அவர் கையில். விபத்துக்குப் பிறகு பையன்களோடு பேச வெளியிலிருந்து ஆலோசகர்கள் வருவதை அவர் தடுத்துவிட்டார் என்று அவர்கள் பின்னால் சொன்னார்கள். அப்போது எல்லோருக்கும் அது, அவருடைய பிள்ளைகளை அவரே பார்த்துக்கொள்கிறார் என்றுதான் பட்டது. கோப்பை ஜெயித்ததும் ஹாக்கி உலகம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

1996-ல் ஷெல்டன் கென்னடி போலீஸுக்குப் போனார். அப்போது அவர் என்.ஹெச்.எல்லில் ஆடிக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் தன்னை வருஷக்கணக்கில் பாலியல் ரீதியாகச் சீரழித்ததைச் சொன்னார். 1997 ஜனவரியில் ஜேம்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்றரை வருஷம் சிறை. அதோடும் தீரவில்லை. மற்ற முன்னாள் வீரர்களும் ஒவ்வொருவராக முன்வந்தார்கள். 2012-லும் 2015-லும் மறுபடி தண்டனை. பஸ் கவிழ்ந்தபோது உயிரோடு வெளியே வந்த பையன்தான் கென்னடி, கவனித்தாயா? அந்தச் சாயங்காலம் அவனைப் பற்றிக் கவலைப்படாத ஆளே ஊரில் இருந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. சோறு போட்டவர்கள், அறை கொடுத்தவர்கள், கல்லறை வரை கூட நடந்தவர்கள். ஆனால் எனக்குத் தோன்றுவது இது: டீம் ஊருக்கே சொந்தம் என்னும்போது, டீமைக் கேள்வி கேட்பது ஊரைக் கேள்வி கேட்பதாகிவிடுகிறது. ஜெயிக்கிற கோச்சைப் பற்றி ஒரு பையன் வாயைத் திறந்தால் யாரிடம் திறப்பான்? கோச்சிடம்தான் புகார் போக வேண்டும் என்று இருந்தால் புகாரே இருக்காது. நாம் ஆடிய காலத்தில் மாஸ்டர் அடித்ததையே வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் அப்பா இன்னும் இரண்டு போட்டிருப்பார்.

பிராங்கோஸ் அதற்குப் பிறகும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1989 தவிர, ஜேம்ஸ் இருந்த காலத்திலேயே 1993-லும், பிறகு 2018-லும் லீக் சாம்பியன். 2018 எல்லோருக்கும் கனமான வருஷம். ஏப்ரல் 6 அன்று, இதே மாகாணத்தில் ஹம்போல்ட் என்ற இன்னொரு சின்ன ஊரின் ஜூனியர் டீம் பஸ்ஸும் ஒரு லாரியும் மோதி 16 பேர் இறந்தார்கள். அந்த டீமின் பெயரும் பிராங்கோஸ். அந்த வாரம் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் ஹாக்கி ஸ்டிக்கைச் சாத்தி வைத்து விளக்கு எரிய விட்டிருந்தார்கள், பையன்களுக்குத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஆறுதல் சொல்ல ஹம்போல்ட்டுக்குப் போனவர்களில் கென்னடியும் இருந்தார். 1986-ல் தன் டீமுக்குக் கிடைக்காததை இவர்களுக்காவது கொடுக்க வேண்டும் என்றுதான் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஸ்விஃப்ட் கரண்ட் விபத்து நடந்த இடத்தில் ரோட்டோரம் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. முப்பது வருஷம் கழித்து, 2016-ல்தான் வைத்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காரை நிறுத்திவிட்டுப் போவேன். அதன் காலடியில் யாராவது ஒரு பக்கை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், நம்ம பந்து மாதிரி இல்லை, தட்டையான கறுப்பு ரப்பர்.

இப்போது உன் பசங்களுக்கு. இங்கே ஹாக்கி கனடா வைத்திருக்கும் விதிகளில் ஒன்றை நீ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பையனும் எந்த ஒரு பெரியவரோடும் தனியாக இருக்கக் கூடாது; உடை மாற்றும் அறை, மசாஜ், பஸ், லாட்ஜ், எங்கேயும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். போனில் பேசினாலும் குரூப்பில்தான், தனி மெசேஜ் கிடையாது. வெளியூர் போகும்போது பெற்றோரில் ஒருவர் கண்டிப்பாகக் கூடப் போகட்டும், கோச்சுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டாம். புகார் சொல்ல டீமுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை, முடிந்தால் ஒரு டீச்சரம்மாவை, நியமித்து, அவர் நம்பரை ஒவ்வொரு பையன் கையிலும் கொடு. உன்னை நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், பசங்களுக்கு உன்னைப் பற்றித் தெரிய வேண்டாமா? நீ இல்லாத வருஷமும் இந்த ஏற்பாடு ஓட வேண்டும்.

அப்புறம், ராத்திரி பஸ் வேண்டாம். மேட்ச் தோற்றாலும் பரவாயில்லை, தங்கிவிட்டுக் காலையில் வாருங்கள். லாட்ஜ் செலவுதான் தடை என்றால் சொல், நானும் நம்ம செட்டில் இங்கே இருக்கும் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம்.

கென்னடி இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் ஆன்லைன் பாடம் ஒன்று இருக்கிறது, இங்கே கோச்சுகள் கட்டாயம் படிக்க வேண்டும். பேத்தியை ஸ்கேட்டிங்கில் சேர்த்தபோது ரிங்கில் கூடமாட உதவுகிறேன் என்று வாயைக் கொடுத்து நானும் படித்தேன். நான் புரிந்துகொண்டதை நம்ம ஊர்ப் பசங்களுக்கும் பெற்றோருக்கும் பொருந்துகிற மாதிரி தமிழில் நாலு பக்கம் எழுதித் தருகிறேன். பெற்றோர் கூட்டம் எப்போது வைக்கப் போகிறாய் என்று மட்டும் எழுது, அதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாலு